திரையை மட்டும் பூட்டினால் போதாது, சிம்மையும் பூட்டுங்கள்

வங்கிக் கணக்கே இல்லாதவருக்கும், இருந்தும் கிளைப் பக்கம் போக முடியாதவருக்கும் ஃபோன்தான் பணப்பெட்டி. கென்யாவில் 2007-இல் எம்-பெசா என்ற ஃபோன்வழிப் பணச் சேவை தொடங்கியபோது ஸ்மார்ட்ஃபோனே தேவைப்படவில்லை. பட்டன் ஃபோனும் சிம்முக்குள் இருந்த மெனுவும் போதும். இன்று அந்த மெனுவின் வேலையை ஸ்மார்ட்ஃபோன் ஆப் செய்கிறது. ஆனாலும் பெரும்பாலான மொபைல் வாலட்களில் உங்களை அடையாளம் காட்டுவது இன்னமும் சிம்மில் இருக்கும் ஃபோன் நம்பர்தான்.

ஸ்மார்ட்ஃபோனுக்கு மாறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பேட்டர்ன், கைரேகை எல்லாம் போட்டிருப்பார்கள். திருடியவன் அதைத் தொடவே மாட்டான். சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போடுவான். ஓடிபி அங்கே வந்து விழும். பிறகு வாலட்டில் "பின் மறந்துவிட்டது" என்று அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

இதற்குத் தடை சிம் பின், அதாவது சிம்மை வேறு ஃபோனில் போட்டாலும் கேட்கும் ரகசிய எண். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் 'சிம் லாக்' இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும், செட்டிங்ஸ் தேடலில் 'சிம்' என்று போட்டாலே கிடைத்துவிடும். ஆன் செய்ததும் பழைய பின் கேட்கும். அது சிம் நிறுவனம் முன்பே வைத்தது. தோராயமாக அடித்துப் பார்க்காதீர்கள்: மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு அதைத் திறக்கும் 8 இலக்க எண்ணான பியுகேயைக் கேட்கும், அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம் குப்பைக்குத்தான். கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். ஆன் ஆனதும் புது எண்ணுக்கு மாற்றுங்கள், பழைய பின் ஊரறிந்தது. பியுகே பெரும்பாலும் சிம் வந்த பிளாஸ்டிக் அட்டையில் அச்சாகியிருக்கும். நாம் முதலில் தூக்கிப் போடுவதும் அந்த அட்டையைத்தான்!

சிம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். மாமா பெயரில் இருந்தால், தொலைந்த பிறகு மாற்று சிம் வாங்க மாமாதான் வர வேண்டும். நம்பரை மாற்றுவதாக இருந்தால், வாலட்டில் முதலில் புது நம்பரைப் பதியுங்கள், அப்புறம் பழைய சிம்மை விடுங்கள். நீண்ட நாள் சும்மா கிடக்கும் நம்பரை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும்.

அடுத்த வலை, உடனடிக் கடன் ஆப். தனிநபர் கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலையும் போட்டோக்களையும் தொடக் கூடாதென்று 2023 முதல் கூகுள் ப்ளே விதி. அப்படியிருக்க, மெசேஜில் ஏபிகே (ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நிறுவும் ஃபைல்) லிங்க் அனுப்பி அதையே ஒருவர் கேட்டால், உங்கள் சொந்தபந்தங்களைத்தான் அடகு கேட்கிறார். தவணை தவறினால் ஃபோன் போவது அவர்களுக்கு.

ஃபோன் தொலைந்தால் முதல் அழைப்பு சிம் நிறுவனத்துக்கு, ஓடிபி நிற்க வேண்டும். அடுத்தது வாலட்டுக்கு. ஃபோனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ, புகார் கொடுக்கும்போது தேவைப்படும். இப்போதே *#06# அடித்து அந்த 15 இலக்கத்தைப் பியுகேயோடு ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போட்டோ எடுத்து அதே ஃபோனில் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.