தண்ணீர் பீய்ச்சுகிறது, ஆனாலும் மோட்டார் ஏன் கொதிக்கிறது?

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் நுழையும் சிறு படகானாலும் சரி, கொள்ளிட முகத்துவாரத்தில் பழையாறிலிருந்து கடலுக்கு இறங்கும் ஃபைபர் படகானாலும் சரி, படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைக் கிளப்பியதும் ஓட்டுபவரின் கண் அதன் பின்பக்கத்துச் சிறு துளைக்குத்தான் போகும். அதில் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் நிம்மதி. ஆனால் அந்த நிம்மதியில் பாதிதான் நியாயம். துளையில் வரும் தண்ணீர், பம்ப் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. இன்ஜின் குளிர்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல.

கார் இன்ஜினில் ரேடியேட்டர் உண்டு, அதே தண்ணீர் உள்ளேயே சுற்றி வரும். அவுட்போர்டு மோட்டாரோ படகு மிதக்கும் தண்ணீரையே அடியில் உறிஞ்சி, மேலே ஏற்றி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு வெளியே தள்ளுகிறது. 9.9 குதிரைத்திறன் மோட்டார் என்றால் அதன் முழுத்திறன் ஏறத்தாழ 7.4 கிலோவாட். எரிபொருளின் ஆற்றலில் சுமார் கால் பங்குதான் இப்படி வேலையாகிறது, மீதி வெப்பம். அதில் ஒரு பகுதி புகையோடு போய்விடும். தண்ணீர் சுமக்க வேண்டியது 8 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியில் உள்ளே போகும் நீர் 50 டிகிரியில் வெளியேற நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் ஓட வேண்டும். ஓட்டம் பாதியானால் அது 70 டிகிரிக்கு ஏறிவிடும்.

அந்தச் சூட்டில் கடல்நீரை ஓடவிடுவது ஆபத்து. வேதாரண்யம் உப்பளங்களில் நீர் சுண்டும்போது, உப்பு விளைவதற்கு முன்பே சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. சர்க்கரை சூட்டில் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்பும் ஜிப்சமுமோ 50 டிகிரியைத் தாண்டிச் சூடேற ஏறக் குறைவாகவே கரையும். ஆகவே இன்ஜினின் மிகச் சூடான சுவரில்தான் முதலில் படிகின்றன. படிந்த அடுக்கு வெப்பத்தைத் தண்ணீருக்கு எளிதில் கடத்தாது. அதனால் உலோகம் மேலும் சூடாகிறது, மேலும் படிகிறது. சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். காரில் அது 80, 90 டிகிரியில் திறக்க, சிறு அவுட்போர்டுகள் பெரும்பாலானவற்றில் அது 50 முதல் 60 டிகிரிக்குள்ளேயே திறப்பதற்குப் படிவைத் தவிர்ப்பது முக்கியக் காரணம்.

தண்ணீரை மேலே ஏற்றுவது இம்பெல்லர் என்னும் ரப்பர் சக்கரம். படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் செங்குத்துத் தண்டிலேயே, கியர் பெட்டிக்கு மேலே, சற்று மையம் விலகிய ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கிண்ணம் குறுகும் பக்கத்தில் அதன் இதழ்கள் மடங்கித் தண்ணீரைப் பிதுக்கும். அகலும் பக்கத்தில் விரிந்து உறிஞ்சும். இதழ்களுக்கு மசகும் அந்தத் தண்ணீர்தான். கரையில் வைத்து வறட்டு ஓட்டம் ஓட்டினால் சில நொடிகளிலேயே ரப்பர் கருகத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளத்தோடு வரும் வண்டலும், முத்துப்பேட்டைக் காயலின் ஆழமற்ற சேறும் அரத்தைப் போல் இதழ் முனைகளைத் தேய்க்கும். எனவே நம் பகுதியில் ஆண்டுக்கு ஒரு முறை இம்பெல்லரை மாற்றுவதை நான் வீண் செலவாகவே நினைக்க மாட்டேன்.

கழற்றிப் பார்க்கும்போது இதழ்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நடுவில் இருக்கும் பித்தளை வளையத்தை ஒரு கையில் இறுகப் பிடித்து, ரப்பரை மறு கையால் திருகுங்கள். ஒட்டு விட்டிருந்தால் ரப்பர் வழுக்கும். இதழ் புதிதுபோல் இருக்கும். தண்டும் வளையமும் சுற்றும், ரப்பர் மட்டும் சரியாகச் சுற்றாது. ஓர் இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அது மேலே ஏதோ ஒரு வழியை அடைத்துக்கொண்டு, புது இம்பெல்லரையும் பயனற்றதாக்கும்.

துளையில் நீர் மெலிந்தால் சந்தேகம் கீழிருந்து தொடங்க வேண்டும். உறிஞ்சு வாயில் பாலித்தீன் பையோ ஆகாயத்தாமரை வேரோ ஒட்டியிருக்கிறதா? ஆழம் குறைந்த வாய்க்காலில் மோட்டாரைச் சாய்த்து ஓட்டியதால் வாய் மேலே வந்து காற்றை உறிஞ்சுகிறதா? பீய்ச்சும் துளையையே குளவி மண் வைத்து அடைத்திருக்கவும் கூடும். மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். இவையெல்லாம் சரி என்றால் இம்பெல்லர்.

நீர் பலமாக வந்தும் இன்ஜின் கொதித்தால் கதை வேறு. பல மாடல்களில் இந்தத் துளைக்கான கிளை, தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கினாலும், சிலிண்டர் தலைக்குள் உப்புப் படிவு வழியை அடைத்தாலும், கிளையில் மட்டும் தண்ணீர் தாராளமாக வரும். தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கப் பழைய பாத்திரம் ஒன்றும் வெப்பமானியும் போதும். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு மெல்லச் சூடாக்குங்கள். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளும்போது வால்வு திறப்பதைக் கண்ணால் காணலாம். குறித்த வெப்பநிலையைத் தாண்டியும் அது அசையவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அதை நீக்கிவிட்டு ஓட்டுவது தீர்வல்ல.

கடலுக்குப் போய் வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி ஓட்டிக் கழுவுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்கு இன்ஜின் சூடாகும் வரை ஓட்டினால்தான் நல்ல தண்ணீர் தலைப்பகுதிக்கு முழுமையாகப் போய்ச் சேரும். இரண்டு நிமிடத்தில் நிறுத்தினால் உப்பு அங்கேயே தங்கிவிடும்.

நடுக்காயலில் எச்சரிக்கை ஒலி வந்தால் வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். துளையில் தண்ணீர் இல்லை என்றால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் வந்தால் சற்று நேரம் மெதுவாக ஓடவிடுங்கள்; ஒலி அடங்காவிட்டால் நிறுத்துங்கள். கொதிக்கும் சிலிண்டர் தலையில் வாளித் தண்ணீரை ஊற்றக் கூடாது. உலோகம் விரிசல் விடலாம். அலுமினியப் பிஸ்டன், சிலிண்டரின் வார்ப்பிரும்பு உறையைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும் என்பதால் சூட்டில் இடைவெளி இறுகி, எண்ணெய்ப் படலம் அறுந்துவிடும். ஆகவே நன்றாக ஆறவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். வழக்கம்போல் எளிதாகச் சுற்றினால் கரைக்கு மெதுவாக ஓட்டி வரலாம். உரசலோ இறுக்கமோ தெரிந்தால் மறுபடி இழுக்க வேண்டாம், துடுப்பை எடுங்கள்.