ஆர்கானிக் என்றால் இயற்கையா, கரிமமா, உயிர்மமா?

ஆர்கானிக் கத்தரிக்காய், ஆர்கானிக் நாட்டுச் சர்க்கரை, ஏன், ஆர்கானிக் ஷாம்பு வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள் என்று கேட்டால் 'மருந்தடிக்காதது' என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்குச் சொல்லின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கிரேக்கத்தில் 'ஆர்கனான்' என்றால் கருவி. உடம்புக்குள் வேலை செய்யும் கருவிகள் என்ற கணக்கில் கண், ஈரல் எல்லாம் 'ஆர்கன்' ஆயின (நாமும் ஐம்பொறி என்கிறோமே, அதே கணக்குதான்). உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் உயிர் 'ஆர்கனிசம்'. உயிர்களிடமிருந்து கிடைக்கும் பொருள்களை ஆராய்வது ஆர்கானிக் வேதியியல். அப்படிப்பட்ட பொருளை ஆய்வகத்தில் செய்யவே முடியாது, அதற்கு உயிராற்றல் வேண்டும் என்றுதான் அந்தக் காலத்து வேதியியலாளர்கள் பலர் நம்பினார்கள். 1828-இல் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் வோலர், எந்த விலங்கின் உதவியும் இல்லாமல், சிறுநீரில் இருக்கும் ஒரு பொருளை ஆய்வகத்திலேயே உண்டாக்கிக் காட்டினார். அந்தப் பொருள் யூரியா! அதற்கப்புறம் அந்த நம்பிக்கை மெல்ல ஆட்டம் கண்டு, ஆர்கானிக் வேதியியல் என்பதற்குக் கார்பன் சேர்மங்களைப் பற்றிய படிப்பு என்றே பொருள் நிலைத்துவிட்டது. நம் பாடநூல்கள் 'கரிம வேதியியல்' என்பது இதைத்தான்.

அதனால் 'கரிம வேளாண்மை' என்று மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். யூரியாவும் கரிமச் சேர்மம்தானே, அந்த 45 கிலோ மூட்டையையும் உள்ளே விடலாமா?

விவசாயத்துக்கு இந்தச் சொல் வந்தது வேறு வழியாக. இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு 1940-இல் வெளியிட்ட நூலில், பண்ணையை ஒரு முழு உயிராகப் பார்த்து, அப்படி நடக்கும் விவசாயத்தை ஆர்கானிக் என்றார். மாடு, பயிர், மண், புழு எல்லாம் அதன் உறுப்புகள். அதே ஆண்டில்தான் ஆல்பர்ட் ஹோவர்டின் நூலும் வந்தது. அவர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் விவசாயிகள் சாணத்தையும் சருகையும் கையாளும் விதத்தைக் கவனித்து, மட்கு உரம் செய்வதற்கு ஒரு முறையை வகுத்தவர். ஆக, இந்தச் சொல் பேசுவது உயிரை. கார்பனை அல்ல.

மண்ணில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, அதை மண்ணோடு மடக்கி உழுவதற்கு முன், ஒரு செடியை வேரோடு மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மணிமணியாக முடிச்சு இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா அங்கே வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது ஓய்ந்துவிட்டது.

இன்னொன்று, காய்ந்த மண்கட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. எருவும் வேரும் பூஞ்சை இழையும் நிறைந்த மண் கட்டி குலையாமல் நிற்கும். நுண்ணுயிர்கள் கசியவிடும் பிசின் துகள்களை ஒட்டிவைத்திருக்கிறது. வருடக்கணக்கில் எருவே காணாத மண் சட்டென்று கரைந்து தண்ணீர் கலங்கிவிடும். வயலிலும் அதேதான், ஒரு மழைக்கே மேல்மண் கரைந்து ஏடு கட்டி, அடுத்த மழையை உள்ளே விடாமல் வழிந்தோட வைக்கும். (களர் நிலமாக இருந்தால் வேறு கதை, அங்கே சோடியம்தான் மண்ணைக் கரைக்கிறது.)

சரி, தமிழில் என்ன சொல்வது? மக்கள் வாயில் இருப்பது 'இயற்கை விவசாயம்'. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பரப்பிய சொல், அதை யாரும் எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், ஜப்பான் விவசாயி ஃபுகுவோகா சொன்ன, உழவே செய்யாத முறையையும் அதே பெயரில்தான் அழைக்கிறோம். அதற்கும், சான்றிதழ் வாங்கி விற்கிற விவசாயத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அரசுச் சான்றளிப்பில் 'அங்ககம்' என்கிறார்கள். அங்கம் என்றால் உறுப்பு, மூலச்சொல்லுக்கு நெருக்கம்தான், ஆனால் வரப்பில் நின்று யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இலங்கையில் 'சேதனப் பசளை' (பசளை என்றால் உரம்). 2021-இல் அங்கே ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடைசெய்து, விளைச்சல் அடிவாங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடையை விலக்கிக்கொண்டார்களே, அப்போது எல்லார் வாயிலும் இந்தச் சொல்தான். சேதனம் என்றால் உணர்வுள்ளது, பொருத்தமான வேர்தான்.

என் ஓட்டு 'உயிர்ம வேளாண்மை'க்கு. எழுதும்போது இதை வையுங்கள், பேசும்போது இயற்கை என்றே இருக்கட்டும். உரத்துக்கு மட்டும் எந்த அடைமொழியும் தேவையில்லை. தொழுவுரம், மட்கு, பசுந்தாள், ஆட்டுக்கிடை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது, அதைச் சொன்னாலே போதும். கரிமம் என்பதற்கும் ஓர் இடம் உண்டு. மண் பரிசோதனை அட்டையில் வரும் 'ஆர்கானிக் கார்பன்' நிஜமாகவே கரிமம்தான். அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் போனால் நல்ல அளவு. அந்த எண்ணை 1.72-ஆல் பெருக்கினால் மண்ணில் மட்கு முதலான உயிர்மப் பொருள் மொத்தம் எவ்வளவு என்று தோராயமாகத் தெரிந்துவிடும்.