மூக்குக்கு நேரே எந்தத் திரை?

மேசையில் இரண்டு மானிட்டர் நல்லதா, ஒரே பெரிய திரை நல்லதா? முதலில் ஒரு கணக்கு. 24 இன்ச் மானிட்டர் இரண்டை அருகருகே வைத்தால் அது 48 இன்ச் மானிட்டருக்குச் சமம் ஆகாது. இன்ச் கணக்கு என்பது மூலைக்கு மூலை அளக்கும் குறுக்களவு. குறுக்களவு இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே ஒரு 48 இன்ச் திரைக்குள் 24 இன்ச் திரைகள் நான்கு அடங்கிவிடும். இதே கணக்கை இன்னொரு பக்கமாகவும் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான 16:9 வடிவத்தில் 24 இன்ச் திரையின் அகலம் சுமார் 53 செ.மீ., உயரம் 30 செ.மீ. அப்படி இரண்டு திரைகளின் பரப்பைச் சேர்த்தால் ஏறக்குறைய 3,180 சதுர செ.மீ. 34 இன்ச் அல்ட்ராவைட் திரை, அதாவது வழக்கத்தைவிட அகலமான திரை, பார்க்கப் பிரம்மாண்டமாக இருந்தாலும் அதன் பரப்பு சுமார் 2,660 சதுர செ.மீ. மட்டுமே. 49 இன்ச் என்று வரும் மிக நீளமான திரை, இரண்டு 27 இன்ச் திரைகளை நடுச்சட்டம் இல்லாமல் ஒட்டியதற்குச் சரியாக வரும்.

சரி, பரப்பு அதிகம் எதில் என்று பார்த்து வாங்கிவிட்டால் போதுமா? போதாது. அந்தப் பரப்பில் எவ்வளவை நம் கண்ணும் கழுத்தும் கையும் சிரமமில்லாமல் எட்டுகின்றன என்பதுதான் முக்கியம்.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அதன் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய 2 டிகிரி கோணம். விழித்திரையில் எழுத்தைப் படிக்கும் அளவுக்குக் கூர்மையான பகுதியான ஃபோவியா பார்க்கக்கூடியது அவ்வளவுதான். 60 செ.மீ. தள்ளி இருக்கும் திரையில் அது சுமார் 2 செ.மீ. அகலம். மற்ற இடமெல்லாம் மங்கல். முழுத் திரையும் தெளிவாகத் தெரிவது போல நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவிப் பார்ப்பதும், அந்தத் துண்டுகளை மூளை ஒன்றாகக் கோப்பதும்தான்.

இந்தத் தாவலுக்கு ஓர் எல்லை உண்டு. நேர்ப்பார்வையிலிருந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ 15 டிகிரி வரை கண் தனியாகவே எளிதாகப் போய்வரும். அதற்கு மேல் போகவேண்டுமானால் தலையும் சேர்ந்து திரும்பத் தொடங்கும். 60 செ.மீ. தூரத்தில் 15 டிகிரி என்பது 16 செ.மீ. அதாவது மூக்குக்கு நேராக ஒரு கோடு போட்டால், அதன் இருபுறமும் சேர்த்து 32 செ.மீ. அகலப் பட்டைதான் கழுத்தை அசைக்காமல் வேலை செய்யும் இடம்.

இப்போது பல அலுவலகங்களில் காணும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரே அளவில் இரண்டு மானிட்டர், இரண்டும் சந்திக்கும் இடம் சரியாக நடுவில். உட்கார்ந்திருப்பவர் இரட்டைக் கதவின் இடுக்கைப் பார்த்து உட்கார்ந்ததுபோல, மிக நல்ல இடத்தில் பிளாஸ்டிக் சட்டத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு திரைகளின் மையமும் சுமார் 24 டிகிரி விலகி நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டில் ஒன்றுதான் முக்கியத் திரை. அதனால் நாள் முழுவதும் கழுத்து ஒரே பக்கமாகத் திரும்பியே இருக்கிறது. சாயங்காலம் ஒரு பக்கத் தோள்பட்டை மட்டும் இறுகி வலிக்கிறது என்பவர்கள், வலி நிவாரணி தேடுவதற்கு முன் மானிட்டர் இருக்கும் இடத்தைக் கவனிப்பது நல்லது.

அதே இரண்டு ஆவணங்களை ஒரு 32 இன்ச் திரையில் பாதிப் பாதியாகத் திறந்து பாருங்கள். திரையின் அகலம் 71 செ.மீ. ஒவ்வொரு பாதியின் மையமும் நடுவிலிருந்து 18 செ.மீ.க்குள் வந்துவிடும். கோணம் சுமார் 16 டிகிரி, கண்ணின் எல்லைக்கு மிக அருகில். இரண்டையும் சம அளவில் பார்த்து வேலை செய்பவர்களுக்கு, உதாரணமாக மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் வரிக்கு வரி ஒப்பிடுபவருக்கு, கணக்குப் பேரேட்டையும் வங்கி அறிக்கையையும் சரிபார்ப்பவருக்கு, ஒரே பெரிய திரைதான் என் பரிந்துரை. ஒன்றில் வேலை, மற்றொன்றில் எப்போதாவது ஒரு பார்வை என்றால் கதை வேறு. அப்போது முக்கியத் திரை மூக்குக்கு நேரே இருக்கவேண்டும். இரண்டாவது, பக்கவாட்டில் உங்களை நோக்கிச் சற்றுச் சாய்ந்த கோணத்தில். லேப்டாப்போடு ஒரு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

அந்தச் சாய்வு அழகுக்காக இல்லை. இரண்டு 24 இன்ச் திரைகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தினால் நடுப்பகுதி 60 செ.மீ. தூரத்திலும் ஓரம் 80 செ.மீ. தூரத்திலும் இருக்கும். ஓரத்திற்குப் போகும்போதெல்லாம் கண் குவியத்தை மாற்றவேண்டும். எழுத்தும் சாய்ந்து குறுகித் தெரியும். தனித்தனித் திரைகளை நாமே திருப்பி இதைச் சரிசெய்யலாம். ஒரே நீளத் திரையில் அது முடியாது என்பதால்தான் அவற்றை வளைத்துச் செய்கிறார்கள். 1800ஆர், 1000ஆர் என்று பெட்டியில் போட்டிருப்பது வளைவின் ஆரம், மில்லிமீட்டரில். 1800ஆர் என்றால் 1.8 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால்தான் எல்லா இடமும் சம தூரம். மேசையருகே உட்காருபவருக்கு 1000ஆர் இன்னும் நெருங்கி வரும்.

உயரத்தை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. 43 இன்ச் திரையின் உயரம் 53 செ.மீ.க்கு மேல். மேசையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் அதன் அடிப்பகுதி இருந்தால், உச்சி 61 செ.மீ.யைத் தொடும். உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண் மேசைக்கு மேல் 40 முதல் 45 செ.மீ.யில்தான் இருக்கும். கண்ணுக்கு இயல்பான பார்வை சற்றே கீழ்நோக்கியது. மேலே பார்க்கும்போது இமை அகலத் திறக்கும், கண்ணீர்ப் படலம் சீக்கிரம் காயும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதும் குறைந்துவிடுவதால் எரிச்சல் இன்னும் கூடும். நாற்பதைத் தாண்டி ப்ரோக்ரெசிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி) போட்டவர்களுக்கு இது பெரிய தொல்லை. கிட்டத்தில் படிக்கும் பகுதி கண்ணாடியின் கீழே இருப்பதால், உயரமான திரையின் மேல் வரியைப் படிக்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருக்கவேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மானிட்டர் அடுக்குவதிலும் இதே சிக்கல்தான்.

அடுத்து மவுஸ். 1954இல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் ஒரு விதியைச் சொன்னார்: குறியைத் தொட ஆகும் நேரம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்ற இரண்டையும் பொறுத்தது. கணினித் திரையின் ஓரம் இதில் தனிச் சலுகை பெற்றது. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் சுட்டி ஓரத்தில் நின்றுவிடும். ஆகவே ஓரத்தில் இருக்கும் பொத்தான் எல்லையில்லாத அளவு பெரியது என்றே சொல்லலாம். விண்டோஸில் முழுத் திரையாகத் திறந்த சாளரத்தை மூட, மவுஸை வலது மேல் மூலைக்கு வீசினால் போதும், குறி பார்க்க வேண்டாம். இரண்டு மானிட்டர் போட்டதும் இடது திரைக்கு இந்த வலது ஓரம் பறிபோகிறது. மூடும் பொத்தானைத் தொடப் போனால் சுட்டி அடுத்த திரைக்குள் ஓடிவிடுகிறது. ஸ்க்ரோல் பட்டைக்கும் அதே கதி. ஒரே பெரிய திரையில் நான்கு ஓரமும் நமக்கே சொந்தம்.

இத்தனைக்குப் பிறகும் பலர் இரட்டைத் திரையை விட மறுப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 2001இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர் ஜொனதன் க்ரூடின், பல மானிட்டர் பயன்படுத்துபவர்களைக் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்கள் இரண்டாவது திரையை முதல் திரையின் நீட்சியாக நினைக்கவில்லை. அது தனி அறை. ஒரு சாளரத்தை இரண்டிலும் பரப்பி வைப்பது அரிது. முக்கிய வேலை ஒன்றில், மின்னஞ்சலும் துணைத் தகவலும் மற்றதில் என்று பிரித்துவைத்தார்கள். நாம் குறை சொல்லும் அந்த நடுச்சட்டம்தான் இந்தப் பிரிவினையைச் செய்துதருகிறது. எந்தச் சாளரம் எங்கே இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கவே வேண்டாம்.

பெரிய திரையில் அந்தச் சுவர்களை மென்பொருள்தான் எழுப்பவேண்டும். விண்டோஸ் 7 வந்த 2009இல் சாளரத்தை ஓரத்திற்கு இழுத்தால் பாதித் திரையில் ஒட்டும் வசதி வந்தது. விண்டோஸ் 10 அதைக் கால் பங்காக்கியது. விண்டோஸ் 11இல் விதவிதமான கட்டங்களையே தேர்ந்தெடுக்கலாம். மேக்கில் இந்த வசதி 2024இல்தான் இயங்குதளத்தோடு சேர்ந்து வந்தது. இவற்றைப் பழகிக்கொள்ளாமல் 43 இன்ச் வாங்கினால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாளரங்கள் குவியும், அவ்வளவுதான். காணொலிக் கூட்டத்தில் திரையைப் பகிரும்போதும் வேறுபாடு தெரியும்: நீளத் திரையை முழுதாகப் பகிர்ந்தால் மறுமுனையில் லேப்டாப்பில் பார்ப்பவருக்கு எழுத்து எறும்பு அளவில்தான் தெரியும். இரண்டு மானிட்டர் உள்ளவர் ஒன்றை மட்டும் பகிர்ந்துவிட்டுப் போவார்.

பக்கத்துத் திரையில் அரட்டைச் செயலியைத் திறந்துவைப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணின் ஓரப்பார்வை எழுத்தைப் படிக்காது. ஆனால் அசைவை உடனே பிடிக்கும். ஒவ்வொரு புதுச் செய்தியும் உங்களை வேலையிலிருந்து இழுக்கும்.

தெளிவைப் பற்றியும் சொல்லவேண்டும், தமிழில் எழுதிப் படிப்பவர்களுக்கு முக்கியமாக. கூர்மையான பார்வைக்கு ஒரு டிகிரிக்குள் சுமார் 60 பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள்) இருந்தால் புள்ளிகள் தனித்துத் தெரியாது. 60 செ.மீ. தூரத்தில் 24 இன்ச் ஃபுல் எச்டி (1920க்கு 1080 பிக்சல்) திரை தருவது 38தான். 27 இன்ச் 4கே (3840க்கு 2160 பிக்சல்) திரை தருவது 67. சிறிய எழுத்தில் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் உள்ள ஒரு சுழி வித்தியாசம் முதல் திரையில் குழம்பும், இரண்டாவதில் பளிச்சென்று தெரியும். பிழைதிருத்துபவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் 4கே என்ற பெயரை மட்டும் நம்பவேண்டாம். 43 இன்ச் 4கே என்பது நான்கு 21.5 இன்ச் ஃபுல் எச்டி திரைகளை ஒட்டியதுதான்: இடம் நான்கு மடங்கு, தெளிவு அதே பழைய தெளிவு. 27 இன்ச் 4கேயில் நேர்மாறு. எழுத்து படிக்கும் அளவில் தெரிய 150 சதவீதம் பெரிதாக்கினால், கிடைக்கும் இடம் 2560க்கு 1440 திரையின் அளவுதான்.

பழைய மானிட்டரைப் புதியதோடு சேர்த்துப் போடும்போது இந்தப் பிக்சல் அடர்த்தி வேறுபாடு தொந்தரவு தரும். சுட்டி எல்லையைத் தாண்டும்போது உயரம் மாறிக் குதிக்கும், சில இடங்களில் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டும். கணினி திரைகளை செ.மீ.யில் பார்ப்பதில்லை, பிக்சல் வரிசைகளாகவே பார்க்கிறது. ஒன்றில் 2160 வரிசை, மற்றதில் 1080 என்றால் பாதி ஓரத்திற்கு மறுபக்கம் எதுவுமே இல்லை.

கடைசியாக, உங்கள் கணினி எத்தனை திரைகளை இயக்கும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். இது கணினியின் வேகத்தைப் பொறுத்தது இல்லை. ஒவ்வொரு திரைக்கும் படத்தைத் தொடர்ந்து அனுப்ப சிப்புக்குள் தனிச் சுற்று வேண்டும். ஆப்பிளின் எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் லேப்டாப் நேரடியாக இயக்குவது ஒரே ஒரு வெளித் திரையைத்தான். எம்3இல் மூடியை மூடினால் இரண்டு. எம்4இல் திறந்திருக்கும்போதே இரண்டு. பெரிய ஒரே திரையில் சிக்கல் கேபிளில் வரும். விநாடிக்கு 60 முறை 4கே படம் அனுப்ப ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 12 கிகாபிட் தகவல் போகவேண்டும். திரையை இணைக்கப் பழைய எச்டிஎம்ஐ 1.4 துளை உள்ள லேப்டாப் 30 முறைதான் அனுப்பும். மவுஸ் சுட்டி விட்டுவிட்டு நகர்வது அன்றே தெரிந்துவிடும்.