குச்சி திரும்புவது எதனால்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்க வருகிறவர் கையில் கவைக்குச்சி தானாகத் திரும்புகிறதே, அதில் அறிவியல் இருக்கிறதா?"

இருக்கிறது, மணிக்கட்டில். இதே விஷயத்தை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று நம்பி இராக் அரசு பல கோடி டாலர் கொடுத்தது. ஏடிஇ 651 என்று பெயர். ஒரு கைப்பிடி, அதில் கீல் வைத்த ஆன்டெனா, அவ்வளவுதான், பேட்டரிகூடக் கிடையாது.

அந்தக் கீலில்தான் சூட்சுமம். கைப்பிடி மட்டமாக இருக்கும்போது ஆன்டெனா எந்தப் பக்கமும் போகத் தயாராக நிற்கிறது. மணிக்கட்டு துளி சாய்ந்தாலும் புவியீர்ப்பு அதைத் தாழ்ந்த பக்கம் இழுத்துவிடும். சாய்ந்தது நமக்கு உறைக்காது, ஆன்டெனா திரும்பியது மட்டும் பளிச்சென்று தெரியும். சரி, சாய்த்தது யார்? நம் எதிர்பார்ப்பு. 'இங்கேதான் இருக்கும்' என்று மனம் நினைத்ததுமே தசைகள் நம்மைக் கேட்காமல் நுண்ணிய அளவில் இயங்குகின்றன. 1852-இல் வில்லியம் கார்ப்பென்டர் விளக்கிய விளைவு இது. நூலில் மோதிரத்தைத் தொங்கவிட்டு, அது வட்டமாகச் சுற்றுவதாக நினைத்துக்கொண்டே பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சுற்றும். ஆகவே குச்சி பிடிப்பவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறார்.

நம்பிக்கை ஏன் உடைவதில்லை? வண்டல் படிந்த நம் டெல்டாவில் பெரும்பாலும் எங்கே துளைத்தாலும் தண்ணீர் வரும். பெயர் குச்சிக்குப் போகிறது. குண்டுக் கருவியின் கதையும் இதுதான்: சோதனைச் சாவடியைக் கடக்கும் வண்டிகளில் அநேகமாக எதிலும் குண்டு இருக்காது. 'இல்லை' என்று காட்டும் கருவி நாள் முழுக்கச் சரியாகவே இருக்கும்.

இதைப் பிடிக்க ஒரே வழி மறைவுச் சோதனை, அதாவது பொருள் எங்கே இருக்கிறது என்று கருவி பிடிப்பவருக்குத் தெரியாமல் செய்யும் சோதனை. ஜிடி200 என்ற இதே வகைக் கருவியைத் தாய்லாந்து 2010-இல் சோதித்தது: நான்கு பெட்டிகளில் ஒன்றில் வெடிபொருள், 20 முயற்சிகள். நான்கு முறைதான் சரி. குத்துமதிப்பாகச் சொன்னாலே சராசரியாக ஐந்து வரும். வாங்கிய பிறகு செய்த சோதனை இது, அதுதான் கொடுமை.

இப்படிப்பட்ட கொள்முதலில் லஞ்சம் புகுந்தால் அது முதலில் விழுங்குவது இந்தச் சோதனையைத்தான் என்பது என் கருத்து. இராக்குக்கு ஏடிஇ 651-ஐ விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் பிரிட்டனில் 10 ஆண்டு சிறை. ஆனாலும் 2016 ஜூலையில் பாக்தாத் கராதா குண்டுவெடிப்பில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் சாவடிகளிலிருந்து அதை விலக்கச் சொல்லிப் பிரதமர் உத்தரவிட்டார். பாதுகாப்புக் கருவி எதுவானாலும், வாங்குகிற துறைக்கும் விற்கிறவருக்கும் கட்டுப்படாத ஓர் ஆய்வகம் இப்படிச் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். அதற்கு அரசு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.