தேசி மரத்தடியில் இன்னொரு வாளி சாம்பல்

கடந்த வாரம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு வளவுக்குப் போனேன். இந்த ஆண்டில் நான் பார்க்கும், இலை மஞ்சளான நான்காவது தேசி (எலுமிச்சை) மரம். இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அடிமரத்தைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்கு அடுப்புச் சாம்பல். "இலை மஞ்சளானதும் சத்துக் காணாது என்று இன்னொரு வாளி போட்டேன், தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா.

2021இல் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. மறு ஆண்டு எரிவாயு கிடைக்காமல் வீடுகளில் விறகடுப்பு மூண்டது. உரத்துக்குப் பதில் அடுப்புச் சாம்பலைக் கொட்டும் பழக்கம் அப்போது பிடித்தது, பலர் அதை இன்னும் விடவில்லை.

"இயற்கைதானே, என்ன கெடுதல்?" என்கிறார்கள். சுண்ணாம்பும் இயற்கைதான், அள்ளித் தின்பீர்களா? சாம்பலில் பெரும்பங்கு சுண்ணாம்பு. பொற்றாசியம் அதைவிடக் குறைவு, நைதரசன் இல்லவே இல்லை. சாம்பல் நீரில் அந்நாளில் உடுப்புத் தோய்த்தார்கள். அழுக்கையே கழற்றும் காரம் அது. மலைநாட்டிலும் கேரளத்திலும் மழை சுண்ணாம்பைக் கழுவிச் சென்றுவிடுவதால் மண் புளித்துக் கிடக்கிறது, அங்கே சாம்பல் மருந்து. அந்த ஊர்க் காணொளியைப் பார்த்து இங்கே கொட்டுகிறீர்கள். நம் காலடியில் கிடப்பதோ சுண்ணாம்புக்கல். கிணற்று நீரிலும் அதுதான். நம்பாவிட்டால் உங்கள் கேத்திலின் அடியைப் பாருங்கள். அந்தத் தண்ணீரையே குடித்து வளரும் மரத்துக்கு மேலும் சுண்ணாம்பா? செம்பாட்டு மண்ணின் சிவப்பே இரும்புதான். மண் நிறைய இரும்பு இருந்தும், காரம் ஏறினால் வேரால் அதை எடுக்க முடியாது. மரம் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே பட்டினி கிடக்கிறது.

தேசி, தோடை, மா மூன்றுக்கும் சாம்பல் வேண்டாம். போட்டிருந்தால் இன்றே வழித்து அள்ளுங்கள். மாட்டெருவும் பூவரசங்குழையும் மண்ணில் புதையுங்கள். மஞ்சள் தெளியாவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு இரும்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்த கரைசலை இலையில் தெளியுங்கள். யூரியாவோடு சாம்பலைக் கலக்கவே வேண்டாம். மூக்கை எரிக்கும் அந்த மணம் உங்கள் காசு காற்றில் போகும் மணம். பிளாஸ்டிக்கும் வர்ணம் பூசிய பலகையும் எரித்த சாம்பலை எந்த மரத்துக்கும் காட்டாதீர்கள். (கத்தரிக்குப் பூச்சி பிடிக்காமல் இலையில் மெல்லத் தூவுவது வேறு கதை.)

"அப்படியானால் இவ்வளவு சாம்பலையும் எங்கே கொட்டுவது?" என்று அம்மா கேட்டார். நன்றாக ஆறிய பிறகு, கூட்டெருக் குழியில் வாரத்துக்கு ஒரு கைப்பிடி தூவுங்கள், அந்த எரு வாழைக்குப் போகட்டும் என்றேன். மிச்சத்துக்குக் கரிபிடித்த சட்டிகள் குசினியில் நிறையவே இருந்தன.