புதிய பெட்டைக் குதிரை நம்மோடு பழகுவது எப்படி?

வண்டியிலிருந்து இறங்கியதும் பெட்டைக் குதிரை தலையை உயரத் தூக்கும். மூக்குத் துளைகள் விரியும், இரண்டு காதும் தனித்தனியே திரும்பி ஒலிகளைத் தேடும். அப்புறம் நீளமாக ஒரு கனைப்பு. பழைய கூட்டாளிகளைக் கூப்பிடுகிறது, பதில் வராது. கூட்டத்தில் ஒன்று மேயும்போது இன்னொன்று காவல் நிற்கும். தனியாகிவிட்ட குதிரைக்கு அந்தக் காவல் வேலையும் தன் தலையில்தான். முதல் சில நாள்கள் அது நம்மைக் கண்டுகொள்ளாததற்கு இதுவே காரணம். பாசம் காட்டி இதைச் சரிசெய்ய முடியாது. முதலில் அதன் உடம்பு அடங்க வேண்டும்.

வயிற்றிலிருந்து தொடங்கலாம். மேய்ச்சலில் விட்டால் குதிரை ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் மேயும். அதற்கேற்ப இரைப்பையில் அமிலம் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதுதான் ஊறும். மிரட்சியில் தின்னாமல் நின்றால் இரைப்பையின் மேல்பகுதி புண்ணாகலாம். அதனால் உலர்புல் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். பழைய இடத்துத் தீவனத்தைக் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, புதியதை ஒரு வாரம் பத்து நாளில் மெல்லக் கலந்து மாற்றுங்கள். நாரைச் செரிக்க உதவும் பெருங்குடல் நுண்ணுயிரிகள் திடீர் மாற்றத்தைத் தாங்காது. கடும் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

அடுத்தது தூக்கம். கால்களிலுள்ள தசைநாண்களும் தசைநார்களும் பூட்டுப்போல் தாங்குவதால் குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆனால் கனவுத் தூக்கத்தில் தசைகள் தளர்ந்துவிடும், அதற்குப் படுத்தே ஆக வேண்டும். தினமும் அரை மணி நேரம் போலக் கிடைத்தால் போதும். அச்சம் தீராத குதிரை அதற்குக்கூடப் படுக்காது. எனவே காலையில் போனதும் விலாவையும் வாலையும் பாருங்கள். படுக்கை வைக்கோல் ஒட்டியிருந்தால் இரவு படுத்திருக்கிறது. நம் பின்னால் நடந்து வருவதைவிட இதையே நல்ல அறிகுறியாக நான் மதிப்பேன். நோய்த்தொற்றைத் தவிர்க்கத் தனியே கட்டினாலும், இன்னொரு குதிரை கண்ணில் படும்படி வைத்தால் இது சீக்கிரம் நடக்கும்.

சரி, நாம் எப்போது நெருங்குவது? குதிரையின் பார்வை ஏறத்தாழ 350 பாகை சுற்றிவரும்; நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. எனவே பேசிக்கொண்டே தோள்பக்கமாகப் போங்கள். முகத்தைத் தொட அவசரம் வேண்டாம். கழுத்தின் அடிப்பகுதியில், பிடரிமயிர் முடியும் இடத்தில் விரல் நுனிகளால் அழுத்திச் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. பிரான்ஸின் கமார்க் குதிரைகளை வைத்து 1993-இல் வெளியான ஆய்வில், அங்கே சொறிந்தபோது இதயத்துடிப்பு குறைந்தது. வேறோர் இடத்தில் சொறிந்தபோது குறையவில்லை. சரியான புள்ளி கிடைத்துவிட்டால் மேலுதடு முன்னே நீண்டு துடிக்கும், கண்கள் பாதி சொருகும். ஓங்கித் தட்டிக்கொடுப்பது நமக்குத்தான் பிடித்த பழக்கம், குதிரைகள் தங்களுக்குள் அப்படிச் செய்வதில்லை.

நம் முகத்தையும் அது படிக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமான முகத்தின் படத்தைக் குதிரைகள் அதிகம் இடது கண்ணால் பார்த்தன. இதயத்துடிப்பும் வேகமாக ஏறியது. இடது கண்ணில் பட்டதைப் பெரும்பாலும் வலது மூளை ஆராய்கிறது. அச்சுறுத்தலை எடைபோடுவதும் அந்தப் பக்கம்தான். அதே பல்கலைக்கழகத்தார் 2018-இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: படத்தில் கோபமாக இருந்தவர் சில மணி நேரம் கழித்துச் சாதாரண முகத்தோடு நேரில் வந்தபோதும், குதிரைகள் அவரை எச்சரிக்கையாகவே பார்த்தன. எரிச்சலோடு இருக்கும் நாளில் தீவனத்தை மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுவது நல்லது.

பெட்டைக்கென்றே ஒரு சங்கதி உண்டு. பகல் நீளும் பருவத்தில் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும், அதில் ஐந்து முதல் ஏழு நாள் வரை குணம் மாறலாம். நேற்று சொறிய நின்றது இன்று காதை மடக்கினால் உறவு முறிந்ததாக நினைக்க வேண்டாம். தேதியைக் குறித்து வையுங்கள். தேதிக்குத் தொடர்பே இல்லாமல், சேணம் போடும்போதெல்லாம் காதை மடக்கினால் அது வலியாக இருக்கலாம். முதுகையும் வயிற்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.