ரேடார் படம் எத்தனை மணிக்கு எடுத்தது?

மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றுவிடுகின்றன. காரை ஏற்றலாமா, பிள்ளைகளை இப்போதே பள்ளியிலிருந்து கூட்டி வந்துவிடலாமா என்று முடிவெடுக்கும் பலர் கையில் ஒரு ரேடார் படம் இருக்கிறது. மழை மேகத்தைப் படம்பிடிக்கும் டாப்ளர் ரேடார் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப் படம் தருகிறது. ரேடார், அணைக் கேமரா, சாலைச் சந்திப்புக் கேமரா என்று மாறிக்கொண்டே இருக்கும் படங்களை வெப் ஆப்பில் காட்டும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. இந்த வேலையில் நான் அதிகம் பயப்படுவது பழைய படம் புதுசு போலத் திரையில் நிற்பதைப் பார்த்துத்தான். படம் வரவில்லை என்றால் ஆள் வேறு இடத்தில் தேடுவார். பழையது நின்றால் அதை நம்பிக் கிளம்பிவிடுவார்.

ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் திரையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே "கடைசிப் புதுப்பிப்பு: மாலை 4:10" என்று இருந்தது. படத்தின் மூலையில் பொடி எழுத்தில் 07:20 யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் பகல் 12:50. அதாவது மூன்று மணி இருபது நிமிடப் பழைய மேகம். கீழே இருந்த 4:10 பிரவுசர் கடைசியாகக் கேட்ட நேரம், ரேடாரின் நேரம் அல்ல. மூலத்திலிருந்து படத்தை எடுத்து வரும் ஸ்கிரிப்ட் பகலிலேயே நின்றுபோயிருந்தது. பிரவுசரோ ஒழுங்காகக் கேட்டுக்கொண்டே இருந்தது, சர்வரும் ஒழுங்காக அதே கோப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. பிரவுசரின் கோரிக்கைகளைக் காட்டும் நெட்வொர்க் டேப்பில் பிழை என்று ஒரு சிவப்பு வரிகூட இல்லை.

அதனால்தான் எந்தத் திட்டத்திலும் நான் முதலில் கேட்பது, படம் எடுக்கப்பட்ட நேரம் நமக்கு எங்கிருந்து கிடைக்கும் என்பதை. கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு படத்தையும் அதன் நேரத்தையே பெயராக வைத்துத் தனிக் கோப்பாகச் சேமிக்கலாம். எது கடைசிப் படம், எப்போது எடுத்தது என்ற இரண்டை மட்டும் சொல்லும் சின்ன ஜேசன் தரவுக் கோப்பு ஒன்று போதும். பிரவுசர் அடிக்கடி கேட்பது அந்தச் சில நூறு பைட்டை மட்டும்தான். பெயர் மாறினால்தான் படத்தை இறக்கும். ஒரு பெயரில் உள்ள படம் ஒருபோதும் மாறாது என்பதால் அதை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தற்காலிகச் சேமிப்பான கேஷில் வைக்கலாம், பல ஊர்களிலிருந்து கோப்புகளைப் பரிமாறும் சிடிஎன் சர்வர்களும் நிம்மதியாக இருக்கும். கடைசிச் சில படங்களைச் சேர்த்து மேக நகர்வை ஓட்டிக் காட்டுவதும் இதிலேயே எளிதாகிவிடும்.

பலர் செய்வது வேறு. ஒரே முகவரியில் படத்தை மேலே மேலே எழுதிவிட்டு, ஜாவாஸ்கிரிப்டில் முகவரியின் வாலில் நேரத்தை ஒட்டிப் பத்து விநாடிக்கு ஒருமுறை இழுப்பார்கள். 200 கேபி படம் என்றால் பத்து நிமிடத்தில் 60 தடவை, 12 எம்பி. அதில் புதியது ஒன்றுதான். மொபைல் டேட்டாவில் பார்ப்பவரின் காசு இது. புயல் நேரத்தில் டவர் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரே முகவரிதான் வேண்டும் என்று கட்டாயம் இருந்தால் சர்வர் பதிலோடு அனுப்பும் குறிப்பான ஹெடரில், கேஷ்-கன்ட்ரோல் என்ற வரியில் நோ-கேஷ் போடுங்கள். நோ-கேஷ் சேமிப்பதைத் தடுக்காது, பயன்படுத்தும் முன் சர்வரிடம் கேட்டுக்கொள் என்றே சொல்லும். சேமிக்கவே கூடாது என்பதற்கு நோ-ஸ்டோர் தனியாக இருக்கிறது. கூடவே கோப்பின் பதிப்பை அடையாளம் காட்டும் ஈடேக் இருந்தால், மாறாத படத்துக்கு 'மாறவில்லை' என்று சொல்லும் 304 என்ற சின்னப் பதிலோடு வேலை முடிந்துவிடும். ஒன்றுமே போடாமல் விட்டால் பிரவுசர் தானாக ஊகிக்கும். கோப்பு கடைசியாக மாறி எவ்வளவு நேரம் ஆனதோ அதில் பத்தில் ஒரு பங்கு வரை புதுசு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கேமரா 20 மணி நேரம் செத்துக் கிடந்தால், அது உயிர் பெற்ற பிறகும் இரண்டு மணி நேரம் வரை பழைய படமே தெரியலாம். இன்னொன்று, ஹெடர் எல்லாம் சரியாக இருந்தாலும், அதே பக்கத்தில் அதே முகவரியை இமேஜ் டேக்கில் மறுபடி கொடுத்தால் பிரவுசர் நினைவில் உள்ள படத்தையே திருப்பி வைக்கக்கூடும். இந்த இடத்தில் ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் வழியாக எடுத்து, மெமரியில் உள்ள படத்துக்கான தற்காலிக முகவரியான ஆப்ஜெக்ட் யூஆர்எல்லாக வைப்பேன். பழைய முகவரியை ரிவோக் செய்து விடுவிக்க மறக்கக் கூடாது, இல்லையென்றால் நாள் முழுக்க ஓடும் திரையில் மெமரி ஏறிக்கொண்டே போகும்.

கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வரும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். சர்வரில் கோப்பு எழுதி முடியும் முன்பே யாரோ படித்துவிட்டார்கள். தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதிவிட்டு, அதே டிஸ்க்கில் கடைசியில் பெயரை மாற்றினால் இது வராது. வெப் பக்கத்திலும் அப்படித்தான், புதுப் படத்தை ஓரமாக இறக்கி, கோப்பைப் படமாக விரிக்கும் டிகோட் முடிந்த பிறகே மாற்றுங்கள், திரை கண் சிமிட்டாது. குறித்த இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருக்கும் செட் இன்டர்வல் வேண்டாம். ஒன்று வந்து சேர்ந்த பிறகு அடுத்ததைக் கேளுங்கள், இல்லையென்றால் மெதுவான இணைப்பில் கோரிக்கைகள் குவிந்து, முந்தைய படம் பிந்தி வந்து உட்காரும். டேப் மறைந்திருக்கும்போது கேட்பதை நிறுத்தி, திரும்பி வந்ததும் உடனே ஒருமுறை கேளுங்கள்.

திரையில் நேரத்தை இந்திய நேரத்தில், பெரிய எழுத்தில், "12 நிமிடம் முன்பு எடுத்தது" என்பதுபோல் காட்டுவேன். கணக்குக்குச் சர்வர் நேரத்தையே எடுப்பேன், பார்ப்பவரின் போன் கடிகாரம் தப்பாக இருக்கலாம். இரண்டு சுற்று புதுப் படம் வரத் தவறினால் திரையில் உள்ள படம் மங்கி, "பழைய படம்" என்ற பட்டை குறுக்கே விழ வேண்டும். வாடிக்கையாளர்கள் முதலில் இதை விரும்புவதில்லை, திரை அசிங்கமாகத் தெரிகிறது என்பார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒப்படைக்கும் நாளில் அவர்கள் முன்னாலேயே மூலத்தின் இணைப்பைத் துண்டிப்பேன். பட்டை விழும்வரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.